'ஹேவ் டன்' எழுதுவதா, 'ஹேவ் பீன் டூயிங்' எழுதுவதா?

எழுதுகோல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரே ஒரு வாக்கியத்தால் போன வாரம் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

மென்பொருள் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் பதில் எழுதுவது என் வேலை. ஒருவர் ஒரு பிழையைத் தெரிவித்திருந்தார். காலையிலிருந்து உட்கார்ந்து அதைச் சரிசெய்து, சோதித்தும் பார்த்துவிட்டேன். பிறகு அவருக்கு 'ஐ ஹேவ் பீன் ஃபிக்ஸிங் தி எரர் சின்ஸ் மார்னிங்' என்று எழுதினேன். வெறும் 'ஐ ஹேவ் ஃபிக்ஸ்ட்' என்பதைவிட இது பணிவாக, முழுமையாக இருப்பதாக மனதுக்குப் பட்டது. பத்து நிமிடத்தில் பதில் வந்தது: 'நன்றி, எப்போது முடியும்?' முடிந்துவிட்டது என்றுதானே எழுதினேன் என்று குழம்பி, மறுபடியும் 'ஐ ஹேவ் பீன் கம்ப்ளீட்டிங் இட்' என்று அனுப்பினேன். இந்த முறை அவர் என் மேலாளரையும் சேர்த்துக்கொண்டு, இன்னும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டுவிட்டார். முடித்த வேலை அன்று மாலைவரை முடியாத வேலையாகவே கணக்கில் நின்றது.

பள்ளியில் படித்தது இதுதான்: முடிந்திருந்தால் பிரசென்ட் பெர்ஃபெக்ட் ('ஹேவ் டன்'), முடியாமல் தொடர்ந்தால் பிரசென்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ் ('ஹேவ் பீன் டூயிங்'). அந்த நிகழ்வுக்குப் பிறகு, படிக்கிற ஆங்கிலத்தில் எல்லாம் இந்த விதியைப் பொருத்திப் பார்க்கிறேன். பாதி இடத்தில் பொருந்தவில்லை. 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பவர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். மூச்சு வாங்க வந்து நிற்பவர் 'ஐ ஹேவ் பீன் ரன்னிங்' என்கிறார், ஆனால் ஓட்டம் முடிந்துவிட்டது. அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

தேர்வுக்குப் படிப்பவன்

சின்ஸ், ஃபார் இரண்டில் ஒன்று வந்தால் கன்டினியூயஸ். எங்கள் பயிற்சித் தாளில் அப்படித்தான் இருக்கிறது. கோடிட்ட இடத்துக்குப் பக்கத்தில் சின்ஸ் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'ஹேவ் பீன்' போட்டு 'இங்' சேர்த்துவிடலாம்.

வகுப்பறை

தம்பி, கண்ணை மூடிக்கொண்டு போட்டால் 'ஐ ஹேவ் பீன் நோயிங் ஹர் சின்ஸ் 2015' என்றும் எழுதுவீர்கள். அது தப்பு. 'ஐ ஹேவ் நோன் ஹர் சின்ஸ் 2015' என்பதுதான் சரி. சின்ஸ், ஃபார் இரண்டும் இரண்டு காலங்களோடும் வரும். அவை காலத்தின் தொடக்கத்தையும் நீளத்தையும் மட்டும்தான் சொல்கின்றன.

முப்பது வருடம் ஆங்கில இலக்கணம் நடத்தியவள் நான். 'முடிந்தது, முடியவில்லை' என்ற அந்த விதியைக் கரும்பலகையில் நானும் எழுதியிருக்கிறேன். முதல் பத்து வருடம் என்னிடம் படித்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. எழுதுகோல் காட்டிய இரண்டு எடுத்துக்காட்டுகளே அந்த விதியை உடைக்கப் போதும். ஒன்றில் பெர்ஃபெக்ட் இருந்தும் செயல் தொடர்கிறது, மற்றதில் கன்டினியூயஸ் இருந்தும் செயல் நின்றுவிட்டது.

அதற்குப் பதிலாகப் பிற்பாடு நான் ஒரு சுவரைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன். உங்கள் நண்பர் வீட்டில் சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறார். கதவைத் திறந்ததும் 'ஐ ஹேவ் பெயின்டட் தி வால்' என்றால் நீங்கள் எங்கே பார்ப்பீர்கள்? சுவரை. முழுதும் புது நிறம் ஏறியிருக்கும். அதே நண்பர் 'ஐ ஹேவ் பீன் பெயின்டிங் தி வால்' என்றால்? அவர் கையைப் பார்ப்பீர்கள். நகக்கண்ணில் நீலம், முன்முடியில் இரண்டு பொட்டு, சட்டையில் ஒரு கோடு. சுவர் முடிந்ததா என்பதை அந்த வாக்கியம் சொல்லவே இல்லை. இவ்வளவு நேரம் எதில் போனது என்று மட்டும் சொல்கிறது.

இரண்டு காலங்களும் கடந்ததை இந்த நேரத்தோடு கட்டுகின்றன, அதில் வேறுபாடு கிடையாது. எந்த முனையில் கட்டுகின்றன என்பதில்தான் வேறுபாடு. பெர்ஃபெக்ட், செயல் விட்டுச்சென்ற பொருளை நம் கையில் கொடுக்கிறது: பூசிய சுவர், எழுதிய கடிதம், தொலைந்த சாவி. கன்டினியூயஸ், செயல் ஓடிய நேரத்தை நம் முன்னால் விரிக்கிறது.

ஆகவே எத்தனை, எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள் என்றால் பெர்ஃபெக்ட். 'ஐ ஹேவ் ரிட்டன் த்ரீ லெட்டர்ஸ்.' எவ்வளவு நேரமாக, இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்ற கேள்விக்கு என்றால் கன்டினியூயஸ். 'ஐ ஹேவ் பீன் ரைட்டிங் லெட்டர்ஸ் ஆல் மார்னிங்.'

உங்கள் வாடிக்கையாளர் சுவரைப் பார்க்கக் காத்திருந்தார். நீங்கள் கையைக் காட்டினீர்கள்.

எழுதுகோல்

டீச்சர், கடைசி வரியைப் படித்ததும் அந்த மின்னஞ்சலைத் திறந்து மறுபடி பார்த்தேன். இப்போது எனக்கே அதில் 'முடிந்தது' என்ற செய்தி எங்கும் தெரியவில்லை.

மொழிபெயர்ப்பு மேசை

டீச்சர் சொன்னதோடு தமிழ்ப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். இருபது வருடமாக இரண்டு மொழிக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவன் நான். நம்மவர்கள் இந்த இடத்தில் சறுக்குவதற்குக் காரணம் தமிழில் இந்த வேறுபாடு இல்லாதது என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது ஒப்புதல் இல்லை. தமிழில் அது இருக்கிறது, வேறு விதமாகப் பங்கு போட்டு வைத்திருக்கிறோம்.

தொல்காப்பியம் காலம் மூன்று என்கிறது. பள்ளி ஆங்கில இலக்கணமோ அந்த மூன்றை சிம்பிள், கன்டினியூயஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ் என்ற நான்கு வகையால் பெருக்கிப் பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணையைக் கொடுக்கிறது. அதைப் பார்த்ததும் நம்மிடம் மூன்றுதான், அவர்களிடம் பன்னிரண்டு என்று மிரண்டுவிடுகிறோம். அந்த நான்கு வகைக்கும் வேண்டிய வேலையைத் தமிழில் துணைவினைகள் செய்கின்றன. இரு, விடு, கொண்டிரு, வா.

'அந்தக் கதையைப் படித்திருக்கிறேன்' என்றால் வாழ்நாளில் எப்போதோ படித்த அனுபவம் எனக்கு உண்டு. 'அந்தக் கதையைப் படித்துவிட்டேன்' என்றால் படிக்க வேண்டியிருந்தது, படித்தாயிற்று, கதை தீர்ந்தது. ஆங்கிலம் இரண்டுக்கும் 'ஐ ஹேவ் ரெட் இட்' என்ற ஒன்றையே வைத்திருக்கிறது. எழுதுகோல் அந்த வாடிக்கையாளருக்குச் சொல்ல நினைத்தது 'சரிசெய்துவிட்டேன்'. மனதில் 'விட்டேன்' ஒலித்தால் ஆங்கிலத்தில் 'இங்' வரக்கூடாது. இதை நான் விதியாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை கைவிட்டதில்லை.

இனி கன்டினியூயஸ் பக்கம். இங்கேதான் விஷயம் சுவையானது. ஆங்கிலத்தின் 'ஹேவ் பீன் ரீடிங்' என்ற ஒன்றைத் தமிழ் மூன்றாகப் பிரிக்கிறது.

முதலாவது 'வருகிறேன்'. 'ஐந்து வருடமாக இந்தத் துறையில் எழுதி வருகிறேன்', 'காவல் துறையினர் விசாரித்து வருகின்றனர்'. செய்தித்தாளில் தினமும் பார்க்கிற வடிவம். அன்றிலிருந்து விட்டுவிட்டோ தொடர்ந்தோ நடந்து, இன்று வரை வந்து சேர்ந்திருக்கிறது. அந்த 'வா' என்ற வினையே அங்கிருந்து இங்கே நம்மை நோக்கி நடந்து வருகிறது. பிரசென்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ் என்பதை ஒரே சொல்லில் விளக்கு என்றால் இந்த 'வருகிறேன்' என்பதைத்தான் காட்டுவேன்.

இரண்டாவது, ஒரே அமர்வில் இன்னும் நடப்பது. 'ஒரு மணி நேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன்.' தமிழில் இது நிகழ்காலம். அதனால்தான் நம்மில் பலர் 'ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் ஒன் அவர்' என்று எழுதிவிடுகிறோம். 'ஐந்து வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன்' என்பது 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' ஆவதும் இப்படித்தான், அதில் தவறு இரண்டு. 'வருடமாக' என்பதில் உள்ள 'ஆக' என்ற விகுதிக்கு ஃபார். 'முதல்', 'இலிருந்து' என்றால் சின்ஸ். நேரத்தின் நீளம் சொல்லிவிட்டால் ஆங்கிலம் வெறும் நிகழ்காலத்தோடு நிற்காது, 'ஹேவ் பீன்' வேண்டும்.

மூன்றாவது, சற்று முன்புதான் நின்றது. 'எங்கே போயிருந்தாய்?' 'தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன்.' தமிழில் இது இறந்தகாலம். ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் பீன் வாட்டரிங் தி கார்டன்' என்று, ஈரக் கையோடு நிற்கிற இந்த நொடியோடு சேர்த்துச் சொல்வார்கள்.

புதிதாய் வந்தவள்

மேசை சார், வாசலில் தரை நனைந்திருக்கிறது, மழையை நான் பார்க்கவில்லை. 'மழை பெய்திருக்கிறது' என்று சொல்வோம். 'இருக்கிறது' வருவதால் 'இட் ஹேஸ் ரெய்ன்ட்' தானே? ஆனால் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்களில் இந்த இடத்தில் 'இட் ஹேஸ் பீன் ரெய்னிங்' என்றுதான் காதில் விழுகிறது.

மொழிபெயர்ப்பு மேசை

அருமையான கேள்வி. இதை நானே எழுதியிருக்க வேண்டும்.

தமிழ் 'இருக்கிறது' என்பதற்கு அனுபவம் சொல்வதோடு இன்னொரு வேலையும் உண்டு: தடயத்தைப் பார்த்து ஊகிப்பது. ஈரத் தரை, மழை பெய்திருக்கிறது. சிவந்த கண், நீ அழுதிருக்கிறாய். கலைந்த மேசை, யாரோ என் தாள்களைக் கிளறியிருக்கிறார்கள். ஆங்கிலம் இந்த இடங்களில் கன்டினியூயஸ் பக்கம் சாயும். 'யூ ஹேவ் பீன் கிரையிங்', 'சம்ஒன் ஹேஸ் பீன் கோயிங் த்ரூ மை பேப்பர்ஸ்'. ஏனென்றால் ஈரமும் சிவப்பும் ஒரு வேலையின் பலன் அல்ல, அவ்வளவு நேரம் ஓடிய ஒன்று விட்டுச்சென்ற சுவடு. டீச்சர் சொன்ன நகக்கண் நீலம் மாதிரி.

ஒருமுறை ஒரு கதையை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது, மகள் வீட்டுக்குள் நுழைகிறாள், அம்மா நிமிர்ந்து பார்க்கிறாள், 'அழுதிருக்கிறாய்' என்கிறாள். நான் முதல் வரைவில் 'யூ ஹேவ் கிரைட்' என்று எழுதியிருந்தேன். இலக்கணப்படி குறை இல்லை. ஆனால் அந்த அம்மா ஒரு படிவத்தில் குறி போடுகிற மாதிரி இருந்தது: அழுகை, நடந்தது, சரி. 'யூ ஹேவ் பீன் கிரையிங்' என்று மாற்றியதும் அம்மா மகளின் கண்ணைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஆனாலும் பலன் கண்முன் கிடந்தால் ஆங்கிலமும் பெர்ஃபெக்டுக்கே போகும். கண்ணாடிச் சில்லு தரையில் கிடக்கிறது, 'யாரோ ஜன்னலை உடைத்திருக்கிறார்கள்', 'சம்ஒன் ஹேஸ் புரோக்கன் தி விண்டோ'. உடைவது ஒரு நொடி. அதற்கு நீளம் இல்லை.

தேர்வுக்குப் படிப்பவன்

அப்படியென்றால் நீளம் உள்ள வினை, இல்லாத வினை என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டுமா? எங்களுக்கு 'இங்' வராத வினைகள் என்று நோ, பிலீவ், ஓன், பிலாங், லைக், அண்டர்ஸ்டாண்ட் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள்.

வகுப்பறை

அந்தப் பட்டியல் பயன்படும், தம்பி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் காரணம் தெரிந்தால் பட்டியலில் இல்லாத வினைக்கும் விடை கிடைக்கும்.

ஸீனோ வெண்ட்லர் என்ற மெய்யியலாளர் 1957இல் ஆங்கில வினைகளை அவற்றின் நேர வடிவத்தை வைத்து நான்காகப் பிரித்தார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை, பல வருடம் கழித்துத்தான் படித்தேன். படித்த அன்று, இத்தனை நாள் விதிவிலக்கு விதிவிலக்கு என்று சொல்லித் தள்ளியதெல்லாம் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றது.

முதல் வகை, நிலை. அறிந்திருத்தல், நம்புதல், சொந்தமாக வைத்திருத்தல். உள்ளே அசைவே கிடையாது, அதனால் 'இங்' ஏற்காது. 'ஐ ஹேவ் ஓன்ட் திஸ் சைக்கிள் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்.' இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஆனாலும் பெர்ஃபெக்ட். 'முடியாவிட்டால் கன்டினியூயஸ்' என்று படித்த பிள்ளை இங்கேதான் விழும்.

அடுத்தது இலக்கு இல்லாத செயல். ஓடுதல், காத்திருத்தல், அழுதல், மழை பெய்தல். எங்கே நிறுத்தினாலும் நடந்தது நடந்ததுதான். இரண்டு நிமிடம் ஓடி நின்றாலும் ஓடியாயிற்று. கன்டினியூயஸ் மிகவும் விரும்பும் வினைகள் இவை. 'முடிந்ததா' என்ற கேள்வியே இவற்றுக்கு ஒட்டாது, அதனால்தான் மூச்சு வாங்க நிற்பவர் தயங்காமல் 'ஐ ஹேவ் பீன் ரன்னிங்' என்கிறார்.

மூன்றாவது, இலக்கு உள்ள செயல். சுவருக்கு வண்ணம் பூசுதல், ஒரு புத்தகத்தைப் படித்தல், அந்தப் பிழையைச் சரிசெய்தல். பாதியில் நிறுத்தினால் அது நடந்ததாக ஆகாது. இவற்றில் கன்டினியூயஸ் போட்டால், இலக்கை எட்டியதாக நீங்கள் சொல்லவில்லை, ஆகவே எட்டவில்லை என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'ஐ ஹேவ் பீன் ரீடிங் யுவர் ரிப்போர்ட்' என்றால் இன்னும் சில பக்கம் பாக்கி. 'ஐ ஹேவ் ரெட் யுவர் ரிப்போர்ட்' என்றால் கருத்து சொல்லத் தயார். எழுதுகோலை மாட்டிவைத்தது இந்த வகை.

நான்காவது நொடியில் நடப்பது. கண்டெடுத்தல், தொலைத்தல், வந்துசேர்தல், உடைதல். இவற்றுக்கு நீளம் இல்லாததால் 'இங்' போட்டதும் ஆங்கிலக் காது அதைப் பல முறை நடந்ததாகக் கேட்கும். 'ஹீ ஹேஸ் அரைவ்ட் லேட்' என்றால் இன்று தாமதம். 'ஹீ ஹேஸ் பீன் அரைவிங் லேட்' என்றால் கொஞ்ச நாளாகவே இப்படி. 'ஐ ஹேவ் பீன் கம்ப்ளீட்டிங் இட்' என்பதும் இந்தக் கணக்குதான். முடித்தல் என்ற சொல்லிலேயே ஒரு முடிவுப்புள்ளி இருக்கிறது, அதை இழுத்தால் வாக்கியம் தள்ளாடுகிறது.

பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம் என்பதற்கும் இரண்டு சொல்கிறேன். 'மீன்', 'வான்ட்' இரண்டும் பட்டியலில் இருக்கும். ஆனால் 'ஐ ஹேவ் பீன் மீனிங் டு கால் யூ' என்பது தினசரிப் பேச்சு: உங்களை அழைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். 'ஹேவ்' என்பதும் அப்படியே. வைத்திருத்தல் என்றால் 'ஐ ஹேவ் ஹாட் திஸ் பென்' என்ற வகையில் பெர்ஃபெக்ட். அனுபவித்தல் என்றால் 'ஐ ஹேவ் பீன் ஹேவிங் ஹெடேக்ஸ்', கொஞ்ச நாளாகத் தலைவலி வந்து வந்து போகிறது. சொல் ஒன்றுதான், பொருள் மாறும்போது வகையும் மாறுகிறது.

புதிதாய் வந்தவள்

எழுதுகோல் அவர்களே, ஏன் 'ஹேவ் பீன்' பணிவாகத் தோன்றியது என்று யோசித்தீர்களா? எனக்கும் அதே மயக்கம் இருந்தது. நிறுவனங்கள் அனுப்பும் கடிதங்களில் 'யுவர் ரிக்வெஸ்ட் ஹேஸ் பீன் அப்ரூவ்ட்', 'தி இஷ்யூ ஹேஸ் பீன் ரிசால்வ்ட்' என்று வரும். 'ஹேஸ் பீன்' என்றாலே அலுவல் நடை என்று மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் அது செயப்பாட்டுவினை. 'பீன்' என்பதற்குப் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் ('அப்ரூவ்ட்' மாதிரி) வந்தால் 'செய்யப்பட்டுவிட்டது', 'இங்' வந்தால் 'செய்து வருகிறது'. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி, வால் மட்டும் வேறு.

எழுதுகோல்

அதேதான்! என் முன்னோடிகள் எழுதிய பழைய பதில்களில் எல்லாம் 'ஹேஸ் பீன் ஃபிக்ஸ்ட்' என்றுதான் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, 'ஐ' என்று தொடங்கியதும் 'ஹேவ் பீன் ஃபிக்ஸிங்' என்று கை போயிருக்கிறது. காரணம் பிடிபட்டது பெரிய ஆறுதல்.

செயப்பாட்டில் கன்டினியூயஸ் வேண்டுமென்றால் என்ன செய்வது? 'ஹேஸ் பீன் பீயிங் ஃபிக்ஸ்ட்' என்றா?

வகுப்பறை

இலக்கணப்படி அப்படி ஒரு வடிவம் உண்டு. ஆனால் நாக்கில் உருளாது, எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள். 'வீ ஹேவ் பீன் ஃபிக்ஸிங் இட்' என்று ஆளைச் சொல்லிவிடுங்கள், போதும்.

நிரல் எழுதுபவன்

படித்துக்கொண்டே வந்தேன், ஒரு இடத்தில் மட்டும் மாற்றுக் கருத்து. எண்ணிக்கை வந்தால் பெர்ஃபெக்ட் என்று டீச்சர் சொன்னார்கள். 'ஐ ஹேவ் பீன் ஃபைட்டிங் வித் தீஸ் த்ரீ பக்ஸ் ஆல் டே' என்று எங்கள் குழுவில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே எழுதுகிறார். மூன்று என்ற எண் இருக்கிறதே?

வகுப்பறை

நல்ல கண். நான் அவசரத்தில் விதியைக் குறுக்கிவிட்டேன். உங்கள் வாக்கியத்தில் மூன்று என்பது போராடும் எதிரிகளின் எண்ணிக்கை, முடித்ததின் எண்ணிக்கை இல்லை. 'இந்த மூன்று' என்று முன்பே தெரிந்த மூன்று. நாள் முழுவதும் அவற்றோடு கழிந்தது, ஒன்றுகூடத் தீர்ந்திருக்காது. இதுவரை தேறியது எத்தனை என்று எண்ணும்போதுதான் பெர்ஃபெக்ட் கட்டாயம். 'ஐ ஹேவ் ஃபிக்ஸ்ட் டூ ஆஃப் தி த்ரீ.' திருத்தியதற்கு நன்றி.

நிரல் எழுதுபவன்

புரிந்தது டீச்சர். இன்னொன்று நானே கவனித்தது. மேசைமேல் என் தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தால் 'ஹூ ஹேஸ் ட்ரங்க் மை வாட்டர்?' பாதி குறைந்திருந்தால் 'ஹூ ஹேஸ் பீன் ட்ரிங்கிங் மை வாட்டர்?' இரண்டாவதில் கோபமும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது.

மொழிபெயர்ப்பு மேசை

கோபம் பற்றிச் சரியாகச் சொன்னீர்கள். நேரத்தை விரித்துக் காட்டுவதால் அதில் அலுப்பு, மனத்தாங்கல், அக்கறை எல்லாம் ஏறிக்கொள்ள இடம் இருக்கிறது. 'ஐ ஹேவ் கால்ட் யூ த்ரீ டைம்ஸ்' என்பது தகவல். 'ஐ ஹேவ் பீன் காலிங் யூ ஆல் மார்னிங்' என்பது கிட்டத்தட்ட 'எத்தனை தடவை கூப்பிடுகிறேன், எங்கே போய்த் தொலைந்தாய்' என்பதன் பக்கம் வரும். வாடிக்கையாளருக்கோ மேலதிகாரிக்கோ எழுதும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

புதிதாய் வந்தவள்

இல்லை என்று சொல்லும்போது? 'ஐ ஹேவ் நாட் ஸ்லெப்ட்', 'ஐ ஹேவ் நாட் பீன் ஸ்லீப்பிங்'. இதில் நான் எப்போதும் திணறுவேன். மருத்துவரிடம் சொல்ல வேண்டி வந்தபோது முதலாவதைச் சொல்லி அவரைப் பதறவைத்துவிட்டேன்.

வகுப்பறை

பதறத்தான் செய்வார். 'ஐ ஹேவ் நாட் ஸ்லெப்ட் ஃபார் டூ வீக்ஸ்' என்றால் இரண்டு வாரமாக ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. நீங்கள் சொல்ல வந்தது 'ஐ ஹேவ் நாட் பீன் ஸ்லீப்பிங் வெல்'. எதிர்மறையில் பெர்ஃபெக்ட் ஒரு தடவைகூட இல்லை என்று முழுதாகத் துடைத்துவிடும். கன்டினியூயஸ் பழக்கத்தை மறுக்கும், அதாவது நடப்பது சரியாக நடக்கவில்லை. அதனால் 'இட் ஹேஸ் நாட் ரெய்ன்ட் ஃபார் எ மன்த்' என்று பெர்ஃபெக்டில்தான் சொல்வார்கள். நடக்காத மழைக்கு ஏது நீளம்?

தமிழிலும் இது உங்களிடம் இருக்கிறது. 'இரண்டு வாரமாகத் தூங்கவில்லை', 'இரண்டு வாரமாகச் சரியாகத் தூக்கம் வருவதில்லை'. இரண்டாவதை மனதில் சொல்லிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள்.

தேர்வுக்குப் படிப்பவன்

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. லிவ், ஒர்க் இரண்டும். 'ஐ ஹேவ் ஒர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்', 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. தேர்வில் எதற்கு மதிப்பெண்?

வகுப்பறை

இரண்டும் சரி, பொருளும் ஏறக்குறைய ஒன்று. லிவ், ஒர்க், டீச், ஸ்டடி இவற்றில் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். மெல்லிய சாயல் மட்டும் உண்டு: நிலைத்தது என்று காட்டினால் பெர்ஃபெக்ட், தற்காலிகம் என்றால் கன்டினியூயஸ். 'தி ட்ரீ ஹேஸ் ஸ்டுட் ஹியர் ஃபார் 200 இயர்ஸ்.' மரம் பெர்ஃபெக்டில் நிற்கிறது. வரிசையில் நிற்கிற மனிதர் 'ஐ ஹேவ் பீன் ஸ்டாண்டிங் ஹியர் ஃபார் ஆன் அவர்' என்பார். 'ஆல்வேஸ்' வந்துவிட்டால் சாயலுக்கு இடமில்லை, 'ஐ ஹேவ் ஆல்வேஸ் லிவ்ட் ஹியர்' மட்டும்தான். ஒரே விடைதான் சரி என்று தாள் அடம்பிடித்தால், அந்தப் பாடத்தில் எதை நடத்தினார்களோ அதை எழுதிவிட்டு வாருங்கள்.

எழுதுகோல்

இன்று வேறொரு வாடிக்கையாளருக்குப் பதில் எழுத வேண்டும். அவர் பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்கிறார். திங்கள்கிழமையிலிருந்து பார்த்து வருகிறோம், இரண்டு காரணம் கண்டுபிடித்துவிட்டோம், ஒன்றைச் சரிசெய்துவிட்டோம், மற்றதில் வேலை நடக்கிறது. மேசை சார் சொன்ன மாதிரி முதலில் தமிழில் எழுதிப் பார்த்தேன். 'வருகிறோம்' ஒன்று, 'விட்டோம்' இரண்டு. பிறகு இப்படி எழுதினேன்:

'வீ ஹேவ் பீன் லுக்கிங் இன்டு திஸ் சின்ஸ் மண்டே. வீ ஹேவ் ஃபவுண்ட் டூ காஸஸ் அண்ட் ஹேவ் ஃபிக்ஸ்ட் ஒன் ஆஃப் தெம். வீ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஆன் தி அதர்.'

டீச்சர், பார்த்துச் சொல்லுங்கள்.

வகுப்பறை

முதல் இரண்டு வாக்கியமும் கச்சிதம். கடைசி வாக்கியத்தில் எவ்வளவு நேரமாக என்று சொல்லவில்லை, இப்போது செய்கிறோம் என்பதுதான் அவருக்கு வேண்டிய செய்தி. அதற்கு 'ஹேவ் பீன்' தேவையில்லை, 'வீ ஆர் நவ் ஒர்க்கிங் ஆன் தி அதர்' என்று வெறும் நிகழ்காலமாக்கிவிடுங்கள். அப்புறம், போன வாரம் எழுதிய 'சின்ஸ் மார்னிங்' என்பதையும் இனி 'சின்ஸ் திஸ் மார்னிங்' என்று எழுதுங்கள், அதுதான் இயல்பு.

எழுதுகோல்

மாற்றி அனுப்பிவிட்டேன். 'ஐ ஹேவ் சென்ட் இட்.'